தெரிகிற மூப்பும் தெரியாத மூப்பும்

இருபத்தாறு, இருபத்தெட்டு வயதுக்காரர்களிடம் இன்று அடிக்கடி கேட்கிற சொல் ‘வயசாயிடுச்சு’ என்பது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள். கல்லூரிக் காலத்துச் சட்டையில் வயிற்றருகே பொத்தான் சேராதபோது சொல்கிறார்கள். ஓர் இரவு கண்விழித்த களைப்பு மூன்றாம் நாளும் தீராதபோதும், நேற்றுவரை ‘அண்ணா’ என்றழைத்த பக்கத்து வீட்டுப் பையன் ‘அங்கிள்’ என்றழைக்கும்போதும் அதே சொல்தான். அதில் பாதி விளையாட்டு, பாதி நிஜமான அச்சம். வீட்டுப் பெரியவர்களுக்கோ இதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசில் இது என்ன பேச்சு என்று கடந்துபோகிறார்கள். கடந்த பல பத்தாண்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இரு தரப்பாருமே தவறுகிறார்கள் என்று தோன்றுகிறது. இருபதுகளில் மூப்பாக உணரப்படுவதில் பெரும்பகுதி மூப்பே இல்லை. மூப்பு என்ற பெயருக்குத் தகுந்த மாற்றங்களும் அந்தப் பத்தாண்டில் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை முதுகைப் பிடிப்பதில்லை, சட்டையை இறுக்குவதில்லை, ஒரு சத்தமும் போடுவதில்லை.

முதலில் வயிற்றைப் பார்ப்போம். இருபத்தைந்துக்கு மேல் வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிடும், அதனால்தான் எடை ஏறுகிறது என்பது பரவலான நம்பிக்கை. ஒருவர் அன்றாட வாழ்வில் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறார் என்பதை நேரடியாக அளக்க அழகான வழி ஒன்று உண்டு. அணு எடை கூடிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொண்ட தண்ணீரைக் குடிக்கத் தருவார்கள். கன ஹைட்ரஜன் சிறுநீராகவும் வியர்வையாகவும், நீரின் வழியாக மட்டுமே உடலைவிட்டு வெளியேறும். கன ஆக்சிஜனுக்கு நீரோடு இன்னொரு வழியும் உண்டு; அது மூச்சில் வெளிவிடும் கரியமில வாயு. இரண்டும் குறையும் வேகங்களுக்கு இடையிலான வித்தியாசத்திலிருந்து உடல் வெளியிட்ட கரியமில வாயுவின் அளவும், அதிலிருந்து எரித்த ஆற்றலின் அளவும் கிடைத்துவிடும். ஹெர்மன் போன்ட்சர் உள்ளிட்டோர் 29 நாடுகளில், பிறந்து எட்டே நாளான சிசு முதல் 95 வயதுவரை உள்ள 6,400க்கும் மேற்பட்டோரின் இத்தகைய அளவீடுகளைத் தொகுத்து 2021இல் வெளியிட்டார்கள். உடலின் அளவையும் கொழுப்பு நீங்கிய எடையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, 20 வயதிலிருந்து 60 வயதுவரை ஆற்றல் செலவு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றது. சரிவு அறுபதுக்குப் பிறகுதான், அதுவும் ஆண்டுக்கு 0.7 சதவீதம். ஆக, இருபத்தெட்டு வயதுக்காரரின் அடுப்பு இருபதில் எரிந்த அளவுக்கே எரிகிறது. அவர் காலையில் விளையாடிய மைதானமும் நடந்து சேர்ந்த பேருந்து நிறுத்தமும் நாற்காலியாகவும் பைக்காகவும் மாறிவிட்டன. இரவுச் சாப்பாடு பதினோரு மணிக்குப் பொட்டலமாக வருகிறது. பொத்தான் சேராததற்குக் காரணத்தை அங்கேதான் தேட வேண்டும்.

முதுகுவலியின் கதை இதைவிட விநோதமானது. முதுகெலும்புத் தட்டுகள் தேய்வதுதான் வலிக்குக் காரணம், தேய்வதுதான் மூப்பு என்று நாம் எளிதாக முடிச்சுப் போட்டுவிடுகிறோம். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைப் பற்றிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. அதன் மதிப்பீட்டில், இருபது வயதுள்ள வலியற்றவர்களில் 37 சதவீதத்தினருக்குத் தட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். அவர்களில் ஒருவருக்கும் வலி கிடையாது. தேய்மானம் இருக்கிற இடத்தில் வலி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதனாலேயே வலியை மட்டும் வைத்துத் தேய்மானத்தை ஊகிக்கவும் முடியாது. உணர்வும் மூப்பும் தனித்தனிப் பாதையில் போகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

தூக்கத்தில் மட்டும் உணர்வுக்கும் உயிரியலுக்கும் ஓரளவு பொருத்தம் இருக்கிறது. ஜெர்மனியின் டில் ரோனெபெர்க் குழு ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் சுமார் 25,000 பேரிடம், விடுமுறை நாளில் எப்போது தூங்கி எப்போது விழிக்கிறார்கள் என்று கேட்டறிந்து 2004இல் வெளியிட்டது. சிறுவயது முதல் தூங்கும் நேரம் ஆண்டுதோறும் பின்னால் தள்ளிக்கொண்டே போய், பெண்களுக்கு 19.5 வயதிலும் ஆண்களுக்கு 20.9 வயதிலும் உச்சம் தொட்டு, சட்டென்று முன்னோக்கித் திரும்புகிறது. நள்ளிரவுக்குமேல் சுறுசுறுப்பாகும் இளைஞர் சில ஆண்டுகளில் பத்தரைக்கே கொட்டாவி விடுவது கற்பனையில்லை. ஆனால் ரோனெபெர்க் இந்தத் திருப்பத்தை முதுமையின் தொடக்கமாகப் பார்க்கவில்லை. விடலைப் பருவம் முடிந்ததற்கான உயிரியல் அடையாளமாக இதைக் கொள்ளலாம் என்றார். காய் முற்றுவதைப் பார்த்து, பழம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பயப்படுவதற்கு நிகரானது இந்தக் கொட்டாவிக் கவலை.

மூளைக்கு வருவோம். இருபத்தைந்து வயதைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. மூளை அப்போதுதான் முழுமையடைகிறது என்கிறது ஒன்று; அப்போதே மங்கத் தொடங்குகிறது என்கிறது மற்றொன்று. முதல் நம்பிக்கைக்கு வித்திட்டவை, அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழுவினர் 1990களிலிருந்து அதே பிள்ளைகளைத் திரும்பத்திரும்ப ஸ்கேன் செய்து நடத்திய ஆய்வுகள். திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் முன்நெற்றிப் பகுதி கடைசியாக முதிர்பவற்றில் ஒன்று என்று அவை காட்டின. ஆனால் அவ்வரிசையில் 2004இல் வந்த புகழ்பெற்ற கட்டுரை ஆராய்ந்தது 4 முதல் 21 வயதுவரையுள்ள 13 பேரை. அந்த வயதோடு படம் நின்றுவிட்டது. மாற்றம் நின்றுவிட்டதாக அது சொல்லவில்லை. 2022இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 1,23,984 ஸ்கேன்களைத் தொகுத்தபோது, நரம்புச் செல்களின் உடல்கள் நிறைந்த சாம்பல் பொருளின் கனஅளவு ஆறாம் வயதை ஒட்டியே உச்சம் தொட்டிருந்தது. அவற்றை இணைக்கும் கம்பிவடங்களான வெண்பொருளின் உச்சமோ 28.7 வயதில். ‘மூளை முழுமையடையும் வயது’ என்று ஒற்றை எண் கிடையாது. எந்தப் பாகத்தை அளக்கிறோமோ அதற்கேற்ற எண்தான் கிடைக்கும். சட்டத்துக்குக் கோடுகள் தேவை. நம் அரசமைப்பு மக்களவை உறுப்பினருக்கு 25 வயதென்று வைத்தபோது மூளை ஸ்கேன் பிறந்திருக்கவில்லை. அது நிர்வாக வசதிக்கான கோடு. உடலில் அப்படியொன்றைத் தேடினால் கிடைக்காது.

மங்கத் தொடங்குகிறது என்ற இரண்டாம் நம்பிக்கைக்கு வலுவான ஆதரவாளர்கள் உண்டு. அவர்களைத் தட்டிக்கழிக்க முடியாது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமோதி சால்ட்ஹவுஸ், நலமான, படித்த மனிதர்களிடமே நினைவாற்றலும் யோசிக்கும் வேகமும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் சரியத் தொடங்குகின்றன என்று 2009இல் வாதிட்டார். ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினி விளையாட்டில் 16 முதல் 44 வயதுவரையான 3,305 பேரின் ஆட்டங்களை ஆராய்ந்த கனடிய ஆய்வாளர்கள், புதிய காட்சியைக் கண்டதும் செயல்படும் வேகம் 24 வயதிலிருந்து குறைவதை 2014இல் காட்டினார்கள். இதற்கு எதிர்வாதம் பழையது. வெவ்வேறு வயதினரை ஒரே நாளில் சோதித்தால், வயதின் வித்தியாசத்தோடு தலைமுறைகளின் கல்வியும் ஊட்டமும் கலந்துவிடும். 1956இல் சியாட்டிலில் வார்னர் ஷாயி தொடங்கி, அதே மனிதர்களை ஏழாண்டுக்கு ஒருமுறை சோதித்த ஆய்வில், பெரும்பாலான திறன்களில் அறுபதை நெருங்கும்வரை நம்பத்தக்க சரிவு தெரியவில்லை. அதற்கும் சால்ட்ஹவுஸிடம் பதில் இருந்தது: திரும்பத்திரும்பத் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பழக்கமே மதிப்பெண் கூட்டித் தருகிறது. இந்த இழுபறியை அவிழ்க்க உதவியது 2022இல் வந்த ஜெர்மன் ஆய்வு. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தார் சுமார் 12 லட்சம் பேரின் பதில் நேரங்களை எடுத்து, ஒரு பதிலுக்குள் ஒளிந்திருக்கும் மூன்று கூறுகளைக் கணித முறையில் பிரித்தார்கள்: தகவலை மனம் உள்வாங்கி எடைபோடும் வேகம், முடிவெடுக்குமுன் கேட்கும் உறுதியின் அளவு, விரலை அசைக்கும் நேரம். இருபதுக்குப் பிறகு பதில்கள் தாமதமாவது உண்மைதான். ஆனால் தாமதத்துக்குக் காரணம் கூடிவரும் எச்சரிக்கையும் விரலின் மந்தமும். எடைபோடும் வேகம் அறுபதுவரை பெரிதாகக் குறையவில்லை. முப்பது வயதுக்காரர் தாமதமாகச் சொல்வது, தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

அப்படியும் சில திறன்கள் உண்மையிலேயே இளமையில்தான் உச்சத்தில் இருக்கின்றன என்று சொல்லலாம். சரிதான், குறுந்தூர ஓட்டக்காரரிடம் கேட்டால் அவர் மறுக்கமாட்டார். ஜோஷுவா ஹார்ட்ஷோர்னும் லாரா ஜெர்மைனும் 2015இல் 48,537 பேரின் இணையவழித் தேர்வுகளிலிருந்து ஓர் அட்டவணையே தந்தார்கள். குறியீடுகளைச் சடுதியில் பொருத்தும் வேகம் பதினெட்டு, பத்தொன்பதில் உச்சம் தொடுகிறது. கண்களை மட்டும் பார்த்து ஒருவர் மனநிலையைக் கணிக்கும் திறன் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் உச்சத்தில் நிற்கிறது. சொல்வளம் அறுபதைத் தாண்டியும் வளர்கிறது. இருபதுகள் என்பது ஒரு ரயில் கிளம்பி, இரண்டு ரயில் வந்துசேரும் சந்திப்பு. கிளம்பிப்போனதை மட்டும் எண்ணிப் பார்த்தால் நடைமேடை காலியாகத்தான் தெரியும்.

‘காலம் ஓடுகிறது’ என்ற உணர்வும் இந்தப் பட்டியலில் சேர்ந்ததே. முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்து முதல் முப்பது வயதுவரையான நினைவுகள் மற்ற பருவங்களைவிட அதிகமாக வருகின்றன. உளவியலாளர்கள் இதை நினைவுமேடு என்கிறார்கள். அந்த வயதில் மூளைக்கு இருக்கும் தனிச்சக்திதான் காரணமா? லத்தீன் அமெரிக்காவிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய முதியவர்களை ராபர்ட் ஷ்ராஃபும் டேவிட் ரூபினும் 1998இல் ஆராய்ந்தார்கள். முப்பதுகளில் குடியேறியவர்களுக்கு நினைவுமேடு முப்பதுகளுக்கு நகர்ந்திருந்தது. புது ஊர், புது மொழி, புது வேலை என முதன்முதலாக நடப்பவை குவிகிற இடத்தில் நினைவும் குவிகிறது. இருபத்திரண்டில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் ஆண்டு நீளமாகவும் ஐந்தாம் ஆண்டு ஒரு திங்கட்கிழமையாகச் சுருங்கியும் தெரிவதற்கு, வயதைவிட அந்தத் திங்கட்கிழமைகளின் ஒரே மாதிரித்தனம் பொருத்தமான விளக்கம்.

உணரப்படுபவற்றின் கணக்கு இது. உணரப்படாதவற்றின் கணக்கு கொரியப் போரின் பிணவறையில் தொடங்குகிறது. அந்தப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்த ராணுவ மருத்துவர் வில்லியம் ஈனோஸும் அவர் தோழர்களும் 1953இல் தங்கள் முடிவை வெளியிட்டபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. வீரர்களின் சராசரி வயது 22. மூட்டை சுமந்து மலை ஏறியவர்கள். ஒருவரும் நெஞ்சுவலி என்று சொன்னதில்லை. அவர்களில் 77 சதவீதத்தினருக்கு இதயத் தமனிகளில் ஏதோவோர் அளவில் கொழுப்புப் படிவின் தடம் இருந்தது. ஐம்பதில் வருகிற மாரடைப்பு இருபதிலேயே வரைவு எழுதத் தொடங்கிவிடுகிறது என்று அன்றுதான் தெரிந்தது. தமனியின் உட்சுவரில் நுழையும் கொழுப்புத் துகளை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கிய பின் அங்கேயே தங்கிப் படிவாகின்றன. பாதையின் அகலத்தில் பெரும்பகுதி அடைபடும்வரை இரத்தம் தாராளமாகவே ஓடுவதால், சொந்தக்காரருக்கு ஒரு செய்தியும் வருவதில்லை.

இது எல்லோருக்கும் விதிக்கப்பட்ட கதையா என்றால், அதே ராணுவமே பதில் தருகிறது. வியட்நாமில் இறந்த 105 வீரர்களைப் பற்றிய 1971ஆம் ஆண்டு ஆய்வில் இந்த விகிதம் 45 சதவீதம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த 3,832 பேரைப் பற்றி 2012இல் வந்த ஆய்வில், சராசரி வயது 26ஐ ஒட்டியிருந்தும், 8.5 சதவீதம்தான். மூன்று ஆய்வுகளும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தவில்லை. பிற்காலத்தில் விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்களே படையில் இருந்ததால் உடல்நலமுள்ளவர்கள் கூடுதலாக இருந்திருப்பார்கள். இந்தத் தள்ளுபடிகளைக் கொடுத்த பிறகும் இறக்கம் பெரியது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் அமெரிக்காவில் புகைப்பழக்கமும் இரத்த அழுத்தமும் கொழுப்பின் அளவும் குறைந்தன. மாங்காயைப் பொறுத்தவரை நம் ஊரில் இரண்டு சொற்கள் உண்டு: காலம் கனிந்து பழுப்பது ஒன்று, வெயிலில் வெம்பிப் பழுப்பது இன்னொன்று. கொரியாவில் இறந்த பையன்களின் தமனிகள் வெம்பியவை.

வெம்பலை உயிரோடிருப்பவர்களிடம் அளந்து காட்டியது நியூசிலாந்தின் டனீடின் ஆய்வு. 1972-73இல் அந்த நகரில் பிறந்த 1,037 குழந்தைகளை அன்றிலிருந்து விடாமல் தொடர்கிறார்கள். அவர்களின் 26, 32, 38 வயதுகளில் இரத்த அழுத்தம், சிறுநீரகம், நுரையீரல், ஈறு, கொழுப்பு என 18 அளவீடுகளை எடுத்து, ஒவ்வொருவரும் எந்த வேகத்தில் மூப்படைகிறார் என்று டேனியல் பெல்ஸ்கி உள்ளிட்டோர் 2015இல் கணக்கிட்டார்கள். எல்லோருக்கும் பிறந்தநாள் கணக்கு 38தான். உடலின் கணக்கோ 28இலிருந்து 61வரை விரிந்தது. பெரும்பாலோர் ஆண்டுக்கு ஓர் ஆண்டு மூத்தார்கள். சிலர் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய நின்ற இடத்தில் நின்றார்கள். சிலர் ஆண்டுக்கு மூன்று ஆண்டு என்ற வேகத்தில் ஓடினார்கள். வேகமாக மூத்தவர்களின் படங்களைக் கல்லூரி மாணவர்களிடம் காட்டியபோது, அவர்களைக் கூடுதல் வயதினராகவே மதிப்பிட்டார்கள். முகத்தில் தெரிந்தது முப்பத்தெட்டில். உடலில் பாதை பிரிந்தது இருபத்தாறுக்கு அப்புறம், அறிகுறி ஏதுமின்றி.

நம்மைப் பொறுத்தவரை இது தூரதேசத்துச் செய்தியில்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடு வயது 53, பிறருக்கு 58.8. அந்த ஏறக்குறைய ஆறாண்டு இடைவெளியின் பெரும்பகுதிக்கு, புகை, கொழுப்பின் சமநிலைக் கேடு, நீரிழிவு போன்ற அபாயங்கள் நம்மவர்களிடம் இளவயதிலேயே சேர்ந்துவிடுவதே காரணம் என்று 2007இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலும்பின் கணக்கும் இதே பத்தாண்டில்தான் முடிகிறது. எலும்பில் கட்டுகிற செல்களும் கரைக்கிற செல்களும் வாழ்நாள் முழுதும் வேலை செய்கின்றன. இருபதுகளின் பிற்பகுதிவரை கட்டுமானம் முந்துகிறது. அங்கே எட்டிய உச்ச அடர்த்திதான், மாதவிடாய் நின்றபின் கரைப்பு முந்தும் காலத்தில் ஒரு பெண்ணுக்குக் கையிருப்பு. வெயிலும் படாமல், எடையும் தூக்காமல் கழிந்த இருபதுகள், எழுபதில் வழுக்கி விழும்போது இடுப்பெலும்பில் தெரியும்.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். முதலாவது: மூப்படையும் வேகம் இருபதுகளில் முடிவாவதில்லை, அதற்கு முன்பே குழந்தைப் பருவத்தில் எழுதப்பட்டுவிட்டது. இதில் உண்மை இருக்கிறது. டனீடினில் வேகமாக மூத்தவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்த வீடுகளிலும் துன்பமான சூழலிலும் வளர்ந்தவர்களாக இருந்ததை அதே ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். ஆனால் தொடக்கம் எழுதப்பட்டதாலேயே மிச்சமும் எழுதப்பட்டதாகிவிடாது. அமெரிக்காவில் உடல்பருமனற்ற நலமான 220 பேரை வைத்து நடந்த சோதனையில், ஒரு பகுதியினர் இரண்டாண்டு உணவின் ஆற்றலைச் சராசரியாக 12 சதவீதம் குறைத்தார்கள். டனீடின் முறையில் அளந்த மூப்பின் வேகம் அவர்களிடம் 2 முதல் 3 சதவீதம் தணிந்தது. சிறிய எண்தான். நகராது என்று சொல்லப்பட்ட முள் நகர்ந்தது என்பதே அதன் பெறுமதி. இரண்டாவது ஆட்சேபம் கூர்மையானது: இரவுப் பணியில் இருப்பவரிடமும், பத்து மணி நேரம் பைக்கில் உணவு கொண்டுசெல்பவரிடமும் தூங்கு, நட, வீட்டில் சாப்பிடு என்று சொல்வது யாருடைய பிழையை யார் தலையில் கட்டுவது? நியாயமான கேள்வி. அமெரிக்க வீரர்களின் தமனிகள் சுத்தமானதும் அவரவர் மன உறுதியால் மட்டும் நடந்ததில்லை. சிகரெட் விளம்பரத்துக்கு வந்த தடையும், இரத்த அழுத்த மருந்தும், மாறிய உணவுச் சந்தையும் சேர்ந்தே அதைச் செய்தன. இருபதுகளின் மூப்பு வாழ்முறையால் வருகிறது என்ற முடிவு, தனிமனிதரைக் குற்றம் சொல்லும் முடிவாக இருக்க வேண்டியதில்லை. பணிநேரத்தையும் நடைபாதையையும் தீர்மானிப்பவர்கள்மீது பாயவும் அதே ஆதாரம் போதும். வயதுதான் காரணமென்று விட்டுவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வழியில்லை.

ஆகவே ‘வயசாயிடுச்சு’ என்ற சொல் இரண்டு வகையில் ஏமாற்றுகிறது. நாற்காலியும் தூக்கக் குறைவும் சலிப்பும் தந்ததை வயதின் கணக்கில் எழுதி, மாற்றக்கூடியதை மாறாததாக்குகிறது. மூப்பு வந்தால் உணர்வோம் என்ற நம்பிக்கையை வளர்த்து, உணராமல் நடப்பதை மறைக்கிறது. ‘கல்லைத் தின்றாலும் செரிக்கும்’ என்ற பெரியவர்களின் சமாதானமும் அந்த மறைப்புக்கே துணைபோகிறது. ஏனென்றால் செரிக்கத்தான் செய்யும், தமனிக்கு அது தெரியாது. நாற்பதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று முழுஉடல் பரிசோதனையைத் தள்ளிப்போடும் நாட்டில், இருபத்தெட்டு வயதுக்காரர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையை நீட்டி இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னால், இந்த வயசில் எதற்கென்று கேட்கக்கூடும். இந்த வயதில்தான் என்பதே விடை. வெம்பல் முதலில் உள்ளே தொடங்குகிறது. தோலில் நிறம் மாறும்போது அது பழைய செய்தி.